வீட்டு அடமானக் கடனுக்கு முன்னேற்பாடு



முற்காலத்தில் கிராமக் கடன் சங்கங்களுக்கு ஐக்கிய நாணய சங்கம் என்ற பெயர் வழங்கிற்று. நாணயம் என்பதற்குக் காசு என்றும் பொருள் உண்டு; சொன்ன சொல் தவறாமை என்றும் பொருள் உண்டு. பின்னது இல்லாதவனுக்கு முன்னது கிடைப்பது அரிது என்பதே கடன் விவகாரத்தின் சாரம். 1904-ம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட சங்கங்களில், மனுதாரரின் நாணயத்தைப் பஞ்சாயத்தார் நேரிலேயே அறிந்திருந்தனர். 1929-ல் சென்னையில் மத்திய நில அடமான பாங்கு ஏற்பட்டபின், நிலத்தின் ஈட்டின்மேல் நீண்ட காலக் கடன் கொடுக்கும் முறை பரவிற்று. பத்திரப் பரிசீலனையும் முக்கியமாயிற்று. இன்றோ, 2005-ம் வருஷத்துச் சட்டத்துக்கு உட்பட்ட கடன் தகவல் கம்பெனிகள் ஒவ்வொருவருடைய நாணயத்தையும் 300 முதல் 900 வரையுள்ள ஓர் எண்ணாகக் குறித்து வைக்கின்றன. ஆகையால் மனுப் போடுவதற்கு ஒரு வருஷம் முன்னதாகவே ஏற்பாடுகளைத் தொடங்குதல் நலம்.

ஓர் அங்கத்தினரை உதாரணமாகக் கொள்ளலாம். பிதிரார்ஜித மனையில் 12 லட்ச ரூபாயில் வீடு கட்ட விரும்பி, 10 லட்சம் கடன் கேட்கிறார். அவருக்கு வருமானம் உண்டு, மனையும் உண்டு. எனினும் மனு திரும்பி வருகிறது. காரணங்கள் மூன்று. பட்டா இறந்துபோன தகப்பனார் பேரிலேயே இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் தீர்த்த பழைய அடமானத்துக்கு ரசீது பதிவு செய்யாமையால், வில்லங்கச் சான்றில் அது இன்னும் நிலுவைபோல் நிற்கிறது. மைத்துனருடைய வண்டிக் கடனுக்கு அவர் ஜாமீன் நின்றிருந்தார். அந்தத் தவணைகள் தவறியது அவருடைய கடன் அறிக்கையிலும் ஏறிவிட்டது. இவற்றில் ஒன்றேனும் அவருடைய வறுமையால் வந்ததன்று.

முதல் இரண்டுக்கும் பரிகாரம் எளிது. வாரிசுச் சான்று பெற்று, உடன்பிறந்தோருடன் பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதிவு செய்து, பட்டாவை மாற்றிக்கொள்ள வேண்டும். உடன்பிறந்த சகோதரிகளின் பாத்தியத்தை மறந்துவிடலாகாது. அவர்கள் கையெழுத்து இல்லாத பத்திரத்தைச் சட்ட ஆலோசகர் ஒப்பமாட்டார். தீர்ந்த அடமானத்துக்குக் கடன் கொடுத்தவரிடம் ரசீது பெற்றுப் பதிவு செய்யவேண்டும்.

மூன்றாவதுதான் மனத்தை வருத்துவது. உறவினர் கேட்கும்போது இல்லையென்று சொல்ல நா எழுவதில்லை. ஆனால் ஜாமீன் கையெழுத்து வெறும் சாட்சிக் கையெழுத்தன்று, அதுவும் கடனே. கடனாளி கட்டாதபோது ஜாமீன்தாரரே கட்டக் கடமைப்பட்டவர். ஆகவே மைத்துனரை உட்காரவைத்துப் பேசி, பாக்கியைக் கட்டச் செய்யவேண்டும்; முடியாவிடில் தாமே கட்டி, அதைக் குடும்பக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். பாதித் தொகைக்குப் பைசல் செய்துகொண்டால் அறிக்கையில் முழுதும் தீர்ந்தது என்று வராது. ஒப்பந்தத்தில் தீர்ந்தது என்றே வரும். அது மறு கடனுக்குத் தடையாகலாம்.

ஒவ்வொரு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் கட்டளை. தம் அறிக்கையைத் தாமே கேட்டுப் பார்ப்பதால் எண் குறையாது. பல இடங்களில் ஒரே சமயத்தில் கடன் மனுப் போட்டால் குறையக்கூடும். கட்டாத கடன், கட்டிய கடன், பிறர் கடன் என்ற மூன்றையும் பிரித்துப் பார்த்து, தவறு கண்டால் எழுத்துமூலம் ஆட்சேபிக்க வேண்டும். நகைக் கடன் தவணையும் அதில் ஏறும் என்பதை நினைவில் வைப்பது நன்று.

இனி வரவு செலவு. 10 லட்சத்தை 100-க்கு 9 வட்டியில் 15 வருஷத்தில் தீர்க்க, மாதம் சுமார் 10,143 ரூபாய் வேண்டும். வட்டி மட்டும் சுமார் 8 லட்சத்து 26 ஆயிரம் ஆகும். கடன் கேட்குமுன் ஆறு மாதம், அத்தொகையை மாதந்தோறும் சங்கத்துச் சேமிப்பில் போட்டுப் பார்க்கவேண்டும். போட முடிந்தால் கடனைத் தாங்கலாம். முடியாவிடில் வீட்டின் அளவைக் குறைக்கவேண்டும். சேர்ந்த 60,000 ரூபாயோ, கைமுதலுக்கும் பதிவுச் செலவுக்கும் உதவும். பயிர்த்தொழிலில் வரவு மாதந்தோறும் வருவதன்று. ஆகையால் அறுவடையை ஒட்டித் தவணை கிடைக்குமா என்று முன்னரே விசாரிப்பது உத்தமம்.

வருமானத்துக்கு ரசீது, பால் பட்டுவாடாச் சீட்டு, விற்பனைச் சீட்டு ஆகியவற்றைத் தேதி வாரியாக ஒரு கட்டாகச் சேர்த்து வைக்கவேண்டும். கைக்குக் கை வாங்கிய பணத்துக்குச் சாட்சி இராது. பாங்குக் கணக்கில் ஏறிய பணத்துக்குக் கணக்கே சாட்சி.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது முன்னோர் மொழி. அடமானத்தில் வைக்கப்படுவது மனை மட்டுமன்று. பெண்டு பிள்ளைகள் தலைசாய்க்கும் கூரையும் அதுவே. ஆகையால் ஒவ்வோர் அங்கத்தினரும் இவ்வாரமே பட்டா, வில்லங்கச் சான்று, கடன் அறிக்கை மூன்றையும் ஒருங்கே எடுத்துப் பார்ப்பாராக. குறை இன்று தெரிந்தால் திருத்த அவகாசம் உண்டு. மனுக் கொடுத்தபின் தெரிந்தால் வருத்தமே மிச்சம்.