குடிக்கூலி வீடும் கூட்டுவட்டியும்



முப்பத்தாறு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான். தனிவட்டி, கூட்டுவட்டிக் கணக்குகளைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எண்ணிச் சொல்ல இயலாது. அவற்றில் தவறு செய்த மாணவர்களைக் கடிந்துகொண்டதும் உண்டு. அப்படிப்பட்ட நான், 2004ஆம் ஆண்டில், என்னுடைய 41ஆம் வயதில், குடிக்கூலிக்கு விடுவதற்கென்று ஒரு சிறு வீட்டைக் கடன் பெற்று வாங்கியபோது, எட்டாம் வகுப்பு மாணவன்கூடக் கேட்டிருக்கக்கூடிய சில கேள்விகளை என்னையே கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். அந்தக் கதையை இன்று உங்களுக்குச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

'வீடு வாங்குவதற்கும் படித்துக்கொண்டிருக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?' என்று நீங்கள் வினவலாம். இன்னும் சில ஆண்டுகளில் உங்களுள் பலர் மாதச் சம்பளம் வாங்கத் தொடங்குவீர்கள். முதல் சம்பளம் கைக்கு வந்த சில நாட்களிலேயே, கடன் தருகிறோம் என்று கூறிக்கொண்டு பலர் வந்து நிற்பார்கள். அப்போது என் பேச்சை நினைத்துக்கொள்ள உங்களுக்கு நேரம் இராது. ஆதலால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

நான் அக்காலத்தில் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றி வந்தேன். உறையூர்ப் பகுதியில் முதலில் ஒரு வீட்டைப் பார்த்தேன். விலை மலிவாக இருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்ததில் ஒரு குற்றமும் இல்லை. முன்பணம் கொடுக்க நாளும் குறித்துவிட்டேன். வயது முதிர்ந்த பத்திர எழுத்தர் ஒருவர் எனக்குப் பழக்கமானவர். அவரிடம் செய்தியைச் சொன்னபோது, அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வாத்தியார் ஐயா, அசல் பத்திரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தீர்களா?"

நான் பார்த்தது பதிவு நகல்தான். அசல் உறவினர் வீட்டில் இருக்கிறது என்று விற்பவர் கூறியிருந்தார். பெரியவர் சிரித்தார். பிறகு எனக்கு ஒரு பாடம் நடத்தினார். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களிலும், பின்னர் அறிவிக்கப்பட்ட பிற நகரங்களிலும், உரிமைப் பத்திரத்தைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைப்பதனாலேயே அடைமானம் ஏற்பட வழி செய்திருக்கிறது. அதற்கு எழுத்தும் வேண்டுவதில்லை, பதிவும் வேண்டுவதில்லை. பதிவாகாத ஒன்று வில்லங்கச் சான்றில் எப்படித் தோன்றும்? பத்து நாட்கள் சென்றபின் விசாரித்ததில், அந்த வீட்டின் பத்திரம் ஒரு வணிகக் கடனுக்காக ஓரிடத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பின்னாளில் தமிழ்நாட்டில் இத்தகைய ஒப்படைப்பு ஆவணங்களையும் பதிவு செய்யும் முறை வந்துவிட்டதனால், அந்த ஆபத்து பெரிதும் குறைந்திருக்கிறது. வில்லங்க விவரத்தையும் இன்று பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆயினும் அந்தப் பெரியவரின் கேள்வி பழமையாகிவிடவில்லை. அசல் பத்திரம், அதற்கு முந்திய தாய்ப்பத்திரங்கள், பட்டா, வீட்டுவரி ரசீது ஆகியவற்றைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது.

பின்னர் நான் வாங்கிய வீடு, நடுவே ஒரு சுவரும் இருபுறமும் ஒவ்வொரு குடித்தனமும் கொண்ட ஓட்டு வீடு. விலை 5,00,000 ரூபாய். ஒரு கடன் நிறுவனம் 4,00,000 ரூபாய் தர இசைந்தது. எஞ்சிய 1,00,000 ரூபாயை என் வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்தேன். வீட்டின் விலையைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருந்த எனக்கு, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பத்திரச் செலவுமாக 40,000 ரூபாய்க்கு மேல் வேண்டும் என்பது கடைசி வாரத்தில்தான் உறைத்தது. இன்றைய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் கிரயத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 30 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வீட்டுக் கடனானால், வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரை தர ரிசர்வ் வங்கி இடமளிக்கிறது. 20 லட்சம் ரூபாய் வீட்டிற்கு 2 லட்சம் இருந்தால் போதும் என்று எண்ணிப் புறப்படுகிறவர், பதிவுக்கென்று மேலும் 1,80,000 ரூபாய் தேட வேண்டியிருக்கும்.

அந்த 40,000 ரூபாய்க்கு நான் கண்ட வழிதான் என் பிழைகளுள் பெரியது. வீட்டில் ஏற்கெனவே இரு குடித்தனங்கள் இருந்தன. ஒவ்வொருவரும் 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தனர். வீடு கைமாறும்போது அதைத் திருப்பித் தரும் பொறுப்பும் வாங்குபவருக்கு வந்துவிடுவதால், விற்பவர் விலையில் 20,000 ரூபாயைக் கழித்துக்கொண்டார். முறைப்படி அதைத் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும். நானோ, விலை குறைந்துவிட்டது என்று மகிழ்ந்து, அதைப் பதிவுச் செலவில் சேர்த்துவிட்டேன். மீதிக்கு ஒரு சீட்டை எடுத்தேன்.

மாதத் தவணை 3,823 ரூபாய். இரு குடித்தனங்களின் வாடகையும் சேர்ந்து 2,200 ரூபாய். பாதிக்கு மேல் வீடே தந்துவிடுகிறது, எஞ்சியதை என் சம்பளம் தாங்கும் என்று கணக்கிட்டேன். முதலாண்டு முடிவில் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். ஆண்டுக்கு வரவேண்டிய வாடகை 26,400. ஒரு குடித்தனம் காலி செய்தபின் மூன்று மாதம் ஆள் வராமையால் போனது 3,300. கழிவுநீர்த் தொட்டியைச் செப்பனிட்டது 4,800. வரி 1,400. நின்றது 16,900 ரூபாய். கட்டிய தவணையோ 45,876 ரூபாய். வாடகை பன்னிரண்டு மாதமும் வரும் என்று எண்ணுவது, எல்லா மாணவர்களும் எல்லா நாளும் பள்ளிக்கு வருவார்கள் என்று எண்ணுவதைப் போன்றது. வருகைப் பதிவேடு வைத்திருந்த எனக்கே அது தோன்றவில்லை!

காலியான பகுதிக்கு ஒரு கைத்தறி நெசவாளர் குடிவந்தார். பணிவும் நாணயமும் உள்ளவர். அவருடைய மகன் என் வகுப்பில், ஒன்பதாம் வகுப்பில் படித்தான். 2007ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவருக்கு மஞ்சட்காமாலை வந்தது. தறி நின்றது. மூன்று மாத வாடகை நின்றது. தவணை நிற்குமா? அது ஐந்தாம் தேதி தவறாமல் வந்தது. நான்காம் தேதி மாலையில் நான் அங்கே சென்றேன். வாசலில் நின்றபடியே சற்று உரக்கப் பேசிவிட்டேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, "ஐயா, நான் கொடுத்த முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள், உடம்பு தேறியதும் அதை நிரப்பிவிடுகிறேன்" என்றார்.

நியாயமான பேச்சு. பாக்கி 3,300 ரூபாய். என்னிடம் இருக்கவேண்டிய அவர் பணம் 10,000 ரூபாய். அது என்னிடம் இல்லை. அவருக்கு முன் குடியிருந்தவருக்குத் திருப்பித் தர அதைச் செலவிட்டிருந்தேன். அந்த முன்னவர் பணம் முத்திரைத் தாளாகப் போயிருந்தது. கடன்பட்டவன் நான்; கடனைக் கேட்டு உரத்த குரலில் பேசியவனும் நான். கதவின் பின்னால் அந்தச் சிறுவன் கணக்கு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். மறுநாள் வகுப்பில் அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் அவனை எழுப்பிக் கேள்வி கேட்கவில்லை.

வீட்டிற்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். "அவர்கள் பணம் நம்மிடம் அல்லவா இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அவள் இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். அவற்றை அடகு வைத்துத் தவணையைக் கட்டினேன். பாக்கியை முன்பணத்தில் கழித்துக்கொண்டதாக நெசவாளருக்கு எழுதியும் கொடுத்தேன். அன்று முதல் குடித்தனக்காரர் முன்பணத்திற்கென்று தனிக் கணக்கு ஒன்றும், ஆறு மாதத் தவணைக்குச் சமமான தொகை ஒன்றும் வங்கியில் வைப்பதென்று உறுதி கொண்டேன். அத்தொகை சேர எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. வீடு வாங்குமுன் அந்த இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தால், அந்த மாலைப்பொழுது நேர்ந்திராது.

அத்துடன் தீர்ந்ததா? 2008ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. என் கடனுக்கு முதல் மூன்று ஆண்டுகள் மாறாத வட்டி, 8 விழுக்காடு. அதன்பின் சந்தையை ஒட்டி மாறும் வட்டி. அப்போது நாடெங்கும் வட்டி உயர்ந்திருந்தது. என் வட்டி 11 விழுக்காடாயிற்று. 'தங்கள் மாதத் தவணையில் மாற்றம் இல்லை' என்று கடிதத்தில் கண்டதும் நிம்மதியாக மடித்து வைத்துவிட்டேன். இரவில் ஏதோ உறுத்த, மீண்டும் எடுத்துப் படித்தேன். தவணைத் தொகை மாறவில்லை. தவணைகளின் எண்ணிக்கை மாறியிருந்தது. 180 தவணைகளில் 36 கட்டியாயிற்று, எஞ்சியவை 144 என்று நான் நினைத்திருக்க, கடிதத்தில் 206 என்று இருந்தது. 2019ஆம் ஆண்டு இறுதியில் முடியவேண்டிய கடன், 2025ஆம் ஆண்டுக்கு ஓடிவிட்டது. அந்நாளில் எங்கள் ஓய்வு வயது 58. ஓய்வு பெற்ற பின்னும் மூன்றாண்டுக்கு மேல் தவணை கட்டவேண்டும்!

தாளும் எழுதுகோலும் எடுத்து உட்கார்ந்தேன். பாக்கி அசல் 3,53,000 ரூபாய்க்குச் சற்று மேல். அதற்கு 11 விழுக்காட்டில் ஒரு மாத வட்டியே ஏறத்தாழ 3,240 ரூபாய். நான் கட்டும் 3,823 ரூபாயில் அசலுக்குப் போவது 600 ரூபாயும் இல்லை. தவணையை 4,427 ஆக்கிக்கொண்டால், அஃதாவது மாதம் 604 ரூபாய் கூட்டிக் கட்டினால், பழைய 144 மாதங்களிலேயே கடன் தீரும். மொத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய் மிஞ்சும். மறுநாளே சென்று கேட்டேன். எழுதிக் கொடுத்தால் மாற்றித் தருகிறோம் என்றார்கள். கேட்காதவருக்குத் தாமாக மாற்றித் தரும் வழக்கம் அங்கில்லை. பின்னர் ஊதியத் திருத்தத்தின் நிலுவை வந்தபோது அதையும் அசலில் கட்டினேன். முன்கூட்டிக் கட்டுவதற்கு அக்காலத்தில் அபராதம் ஒன்று பிடித்தார்கள். மாறும் வட்டியில் தனிமனிதர் பெறும் வீட்டுக் கடன்களுக்கு அந்த அபராதம் கூடாதென்று 2012ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி வங்கிகளைத் தடுத்துவிட்டது.

2016ஆம் ஆண்டில் கடன் தீர்ந்தது. பத்திரங்கள் திரும்பிவர ஏழு வாரம் நடந்தேன். இப்போது அந்த நடையும் மிச்சம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் முதல், கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன்பெற்றவருக்குத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை.

குடிக்கூலிச் சட்டமும் மாறிவிட்டது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யவேண்டும். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. பத்து மாத முன்பணம் வாங்கிப் பழகிய வீட்டுக்காரர்கள் சிலர் இதைக் குறைகூறுகிறார்கள். எனக்கு இது நல்லதாகவே படுகிறது. பிறர் பணம் கையில் குறைவாக இருந்தால், அதைச் செலவிட்டுவிடும் ஆசையும் குறைவு.

நேரம் முடியப்போகிறது. ஆசிரியன் கணக்குக் கொடுக்காமல் போகலாகாது. ஒருவர் 10,00,000 ரூபாய், ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில், 15 ஆண்டுத் தவணையில் கடன் பெறுகிறார். மாதத் தவணை 10,143 ரூபாய். முதல் மாதத்தில் வட்டி 7,500. அசலுக்குப் போவது 2,643. ஐந்து ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் 60 தவணைகள், 6,08,580 ரூபாய் கட்டிவிடுகிறார். அன்று அவர் தரவேண்டிய பாக்கி அசல் எவ்வளவு? விடையை நானே சொல்லிவிடுகிறேன்: ஏறத்தாழ 8,00,000 ரூபாய். அந்த விடை எப்படி வந்தது என்பதை உங்கள் நோட்டில் மாதம் மாதமாக எழுதிப் பாருங்கள்.