முதலாளி மாறினால் கோச் என்ன ஆவார்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் என்னை "விளையாட்டைப் பத்தி நாலு வார்த்தை சொல்லும்" என்று கேட்டுக்கொண்டார். நாலு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை இது. நம் கல்லூரிக் கால்பந்து அணியை ஒரு நிறுவனம் எடுத்து நடத்த முன்வந்திருப்பது உங்களுக்குத் தெரியும். மூணு வருஷமா முதல் சுற்றிலேயே தோற்று, பஸ் ஏறி ஊர் திரும்புகிற அணி நம்முடையது. பூட்ஸ் தருவார்கள், ஜெர்சி தருவார்கள், வெளியூர்ப் பயணச் செலவு தருவார்கள். கூடவே அவர்களுடைய கோச்சும் வருவாராம். சம்பளமே வாங்காமல் சாயங்காலம் தோறும் பையன்களை ஓடவிட்டுக்கொண்டிருக்கும் நம்ம சீனியர் என்ன ஆவார் என்பதைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரி கிடையாது.

வேண்டும், வேண்டாம் என்று கை தூக்குவதற்கு முன்னால், இப்படி நடந்த இரண்டு அணிகளின் கதையைக் கேளுங்கள்.

முதல் கதை நம் தமிழ்நாட்டுக் கதை. 1946இல் சென்னையில் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று தொடங்கிய சங்கம் பின்னாளில் சென்னை சிட்டி எஃப்.சி. ஆகி, 2016-17இல் ஐ-லீக்கில் நுழைந்தது. 2017-18இல் பத்து அணிகளில் எட்டாவது இடம். அடுத்த பருவத்தில் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் கோச். ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளில் ஆடிய சிலரையும் உள்ளூர்ப் பையன்களையும் சேர்த்து அவர் ஒரு அணி அமைத்தார். பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9ஆம் தேதி கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, 43 புள்ளியோடு பட்டம் வாங்கினார்கள். இரண்டாமிடம் 42 புள்ளி எடுத்த ஈஸ்ட் பெங்கால். ஒரே ஒரு புள்ளி!

அதே 2019இல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் அந்த அணியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. இனி கவலையே இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். 2020 ஜனவரியில் மான்சி ஜப்பானுக்குப் போய்விட்டார். அப்புறம் கொரோனா. நவாஸும் போனார். 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. பட்டம் வாங்கி மூணு வருஷம் ஆகவில்லை, பாருங்கள். 26 சதவீதம் என்பது கைகொடுக்கிறதுதான். முழுப் பாரத்தையும் தாங்குகிற தோள் அது ஆகாது.

இரண்டாவது கதை, அந்த ஒரு புள்ளியில் பட்டத்தைத் தவறவிட்ட ஈஸ்ட் பெங்கால். 1920இல் பிறந்த கொல்கத்தா சங்கம். 2018இல் குவெஸ் நிறுவனம் வந்தது, 2020இல் விலகியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ சிமென்ட் வந்தது. லிவர்பூல் புகழ் ராபி ஃபவுலரை அக்டோபரில் கோச் ஆக்கினார்கள். நவம்பரில் ஐ.எஸ்.எல். ஆரம்பம். அணியைப் பழக்க அவருக்குக் கிடைத்தது சில வாரங்கள்தான். முதல் வெற்றி வந்தது 2021 ஜனவரி 3ஆம் தேதி. கடைசியில் பதினொரு அணிகளில் ஒன்பதாவது. அதற்குப் பிறகு, முழு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டோம் என்று பழைய நிர்வாகிகளும், இடவேண்டும் என்று முதலீட்டாளரும் மாதக்கணக்கில் இழுத்தார்கள். ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். முதலமைச்சர் தலையிட வேண்டியதாயிற்று. அடுத்த பருவத்தில் இருபது ஆட்டத்தில் ஒரே வெற்றி, கடைசி இடம்.

2022இல் இமாமி நிறுவனம் வந்தது. 2023இல் கார்லஸ் குவாத்ராத் கோச் ஆனார். 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பை. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு தேசியக் கோப்பை! அதே ஆண்டு செப்டம்பரில், ஐ.எஸ்.எல்.லின் முதல் மூன்று ஆட்டத்தில் தோற்றதும் அவரும் விலகினார். ஃபவுலர், டியாஸ், ரிவேரா, கான்ஸ்டன்டைன், குவாத்ராத், புருசோன் என்று, இடைக்காலப் பொறுப்பில் இருந்தவர்களைச் சேர்க்காமலே, 2020க்கும் 2024க்கும் நடுவில் ஆறு பேர்.

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், நமக்கு என்ன என்று கேட்பீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்து ஆடிய கம்பெனி அணியிலும் இதுதான் நடந்தது. பேர் வேண்டாம். முதலாளி மாறிய மூன்றாம் மாதம் அணியைக் கலைத்தார்கள். கோச் சாரைப் பண்டகசாலைக் கணக்கு எழுதப் போட்டார்கள். தோற்றதற்காகக்கூட இல்லை, புது முதலாளிக்குப் பந்தில் ஆசை இல்லை, அவ்வளவுதான்.

அதனால் பணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாமிரபரணித் தண்ணியைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். மழை கொட்டினால் மட்டும் வயல் விளையாது. 2023 டிசம்பரில் கொட்டிய மழை என்ன செய்தது என்று பார்த்தோமே! சுத்தமல்லி அணைக்கட்டு இருப்பதால்தான் நெல்லைக் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது. பழவூர் அணைக்கட்டு இருப்பதால்தான் பாளையங்கால்வாய் பாய்கிறது. வருகிற பணத்துக்கும் ஒரு அணைக்கட்டு வேண்டும். ஜெர்மனியில் அப்படி ஒன்று உண்டு. அங்கே சங்க உறுப்பினர்களிடம்தான் பாதிக்கு மேல் ஓட்டு இருக்க வேண்டும் என்பது லீக்கின் விதி, விதிவிலக்கு ஒன்றிரண்டுதான்.

என் யோசனை நாலு. ஒன்று, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் ஜெர்சியில் பேர் போடுவது. ஈஸ்ட் பெங்கால் பட்ட பாடு நமக்கு வேண்டாம். இரண்டு, மைதானமும் அணியின் பேரும் கல்லூரியுடையது. அதில் பேச்சுக்கே இடமில்லை. மூன்று, கோச் யாராக இருந்தாலும் இரண்டு முழுப் பருவம் கொடுக்க வேண்டும். நம்ம சீனியரைத் துணைக் கோச்சாகவாவது சம்பளத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். பையன்களின் முழங்கால் வலியும் வீட்டுக் கஷ்டமும் அவருக்குத்தான் தெரியும். நான்கு, விலகுவதென்றால் ஒரு வருஷம் முன்னால் சொல்ல வேண்டும். அந்த ஒரு வருஷச் செலவை முன்கூட்டியே வங்கியில் கட்ட வேண்டும்.

இந்த நாலுக்கும் சம்மதித்தால் மாலை போட்டு வரவேற்போம். சம்மதிக்காவிட்டால், இங்கே உட்கார்ந்திருக்கிற நாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டாலே பஸ் சார்ஜுக்கும் பூட்ஸுக்கும் ஆகும். தோற்றாலும் நம் அணி நம்மிடம் இருக்கும்.

தம்பிகளா, ஓட்டுப் போடப்போவது நாங்கள், ஆடப்போவது நீங்கள். அதனால் உங்கள் கேப்டனையும் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று செயலாளரைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.