கொல்லிமலைக்கு விருந்தாளியா போறது எப்படி?

கொல்லிமலைன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காரவள்ளியில இருந்து மேல ஏறுற 70 கொண்டை ஊசி வளைவு. அப்புறம் ஆகாயகங்கை அருவி. ஆயிரம் படிக்கு மேல இறங்கி, குளிச்சு, மூச்சு வாங்க ஏறி, சாயங்காலமே நாமக்கலுக்கோ சேலத்துக்கோ திரும்பிடறோம். அதுல தப்பில்ல. ஆனா இந்த மலைக்கு விருந்தாளியா போறது எப்படின்னு சங்கப் பாட்டுலயே இருக்கு. இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

புறநானூறு 152ஆம் பாட்டு, பாடினவர் வன்பரணர். ஒரு பாணர் கூட்டம் காட்டுக்குள்ள ஒரு வேட்டைக்காரரைப் பாக்குது. அவர் விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்ச்சு, புலி, மான், பன்றின்னு ஒவ்வொண்ணா வீழ்த்தி, கடைசியில புத்துல இருந்த உடும்பு மேல போய்த் தைக்குது. நம்ம சினிமா ஹீரோ என்ட்ரி எல்லாம் இதுக்கு அப்புறம்தான்! இவர் கூலிக்கு வேட்டையாடுற ஆள் மாதிரி தெரியலையே, கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியா இருப்பாரோன்னு அவங்களுக்குச் சந்தேகம். யாழ், முழவு எல்லாம் எடுத்துப் பாட ஆரம்பிக்கிறாங்க. புகழ்ச்சியைக் கேட்டதும் அந்த மனுஷன் வெக்கப்படறார். மேல பேச விடாம, மான் கறியும் மதுவும் கொடுத்து, தன் மலையில கிடைச்ச பொன்னையும் அள்ளிக் கொடுக்கிறார்.

அடுத்த பாட்டு, 153. அதுவும் வன்பரணர்தான். ஓரி வீட்டு விருந்துல வயிறு நிறைஞ்சு போய், கலைஞர்கள் ஆடவும் முடியாம, பாட்டையே மறந்துட்டாங்களாம். கல்யாணப் பந்தியில மூணு தடவை பாயசம் வாங்கினவங்களுக்கு இது நல்லாப் புரியும்.

எனக்கு முக்கியமாப் படுறது 204ஆம் பாட்டு. கழைதின் யானையார் ஓரியைப் பாத்துப் பாடினது. கேக்கறது கீழானது, இல்லைன்னு சொல்றது அதைவிடக் கீழானதுன்னு ஆரம்பிக்கும். இதைப் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். ஆனா அதுக்கு அடுத்த பாதியை யாரும் அவ்வளவா பேசறதில்ல. கொடுக்கறது உயர்வு, கொடுக்கும்போது வேண்டாம்னு சொல்றது அதைவிட உயர்வு. அதாவது, விருந்து வைக்கிறவருக்கு மட்டும் இல்ல, விருந்தாளிக்கும் ஒரு நெறி இருக்கு.

ஓரியோட முடிவும் பாட்டுலதான் இருக்கு. முள்ளூர்க் காரி ஓரியைக் கொன்னு, மலையைச் சேரருக்குக் கொடுத்துட்டார்னு கல்லாடனார் அகநானூறு 209ல சொல்றார். அதே இடத்துல, செவ்வேர் விட்ட பலா காய்க்கிற கொல்லின்னும் சொல்றார். ஓரி போயாச்சு, காரி போயாச்சு, சேரரும் போயாச்சு. பலா மட்டும் இருக்கு. சீசன்ல சோளக்காடு சந்தைக்குப் போனா நீங்களே பாக்கலாம்.

ஆனா எல்லாமே பலா மாதிரி தப்பிக்கல. இங்க பெரும்பாலும் வாழறவங்க மலையாளிப் பழங்குடி மக்கள். மலையை ஆள்றவங்கன்னு அர்த்தம், கேரளான்னு நினைச்சுக்காதீங்க. அவங்களோட சாப்பாடு சாமை, தினை, ராகி. சாமையில மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமைன்னு பல ரகம். அந்த நிலத்துல பெரும்பகுதிக்கு மரவள்ளி வந்துடுச்சு. கிழங்கு கீழ இறங்கி சேலம், ராசிபுரம் பக்கம் இருக்கிற சேகோ ஆலைகளுக்குப் போகும், ஜவ்வரிசியா மாறும். நாம மூணு தடவை வாங்கின அந்தப் பாயசத்துலயும் அது இருந்திருக்கலாம்.

விவசாயிகளைக் குறை சொல்ல முடியாது. மரவள்ளி கையில காசு தருது. சாமையை உரல்ல குத்தி உமி நீக்குறது இடுப்பொடிக்கிற வேலை, அதுவும் பெண்கள் தலையில. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள்ல இருந்து இங்க விதைகளைக் காப்பாத்தவும், ஊருக்குள்ளயே உமி நீக்குற மெஷின் வைக்கவும் வேலை பாத்திருக்கு. மெஷின் வந்தா மட்டும் போதாது. விளைஞ்சதை வாங்க ஆள் வேணும். அந்த ஆள் நாமதான். சென்னையில சூப்பர் மார்க்கெட்ல பாக்கெட் சாமையை விலை பாக்காம வாங்கறோம். மலையில ஒரு பாட்டிகிட்ட மிளகுக்குப் பத்து ரூபா பேரம் பேசறோம்.

அதனால அடுத்த தடவை போனா, ஒரு ராத்திரி தங்குங்க. செம்மேட்டுல ஓரி சிலை முன்னாடி போட்டோ எடுங்க, கூடவே அந்த மூணு பாட்டையும் படிங்க. சாமைச் சோறு கிடைக்குமான்னு கேளுங்க. சந்தையில சாமை, மிளகு, தேன் வாங்குங்க. சொன்ன விலையைக் கொடுங்க. கொண்டுபோன பாட்டிலையும் கவரையும் திரும்ப எடுத்துட்டு வாங்க. கொடுத்தே பழகின மலை அது. எவ்வளவு எடுத்துக்கலாம்னு முடிவு பண்ண வேண்டியது விருந்தாளிதான்.