பாட்டுப் பெட்டி சுருங்கிய கதை

சங்கீதம் கேட்பதற்காக ஒரு மனிதன் தன் வீட்டில் எவ்வளவு சாமான்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று யாரேனும் என்னைக் கேட்டிருந்தால், மூன்று வருஷங்களுக்கு முன்புவரை, வீடு கொள்ளுமட்டும் என்றுதான் விடை சொல்லியிருப்பேன். மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த பழைய வீட்டின் கூடம் 24 அடி நீளமும் 14 அடி அகலமும், கட்டை அடுக்கிச் செங்கல் பாவிய உயர்ந்த கூரையும் உடையது. அந்தக் கூடத்தின் ஒரு சுவர் முழுவதையும், தேக்குமரத்தில் ஆசாரியைக் கொண்டு செய்வித்த, மார்பளவு உயரமுள்ள இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும், அவற்றுக்கு நடுவே ரெக்கார்டு பிளேயர், டேப் டெக், சி.டி. பிளேயர், ப்ரீ ஆம்ப், வால்வு வைத்த பவர் ஆம்ப் இரண்டு ஆகிய பரிவாரங்களைத் தாங்கிய ஓர் அலமாரியும் ஆக்கிரமித்துக்கொண்டிருந்தன. புதிதாக வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பிறகுதான் என்னைப் பார்ப்பார்கள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது என்பதை ஒளிப்பானேன்?

இவை ஒரே நாளில் வந்து சேர்ந்தவை அல்ல. ரிச்சி தெருவில் ஒரு பாகம், பர்மா பஜாரில் ஒரு பாகம், சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் தம் துணிமணிகளைக் குறைத்துக்கொண்டு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பாகம் ஒன்று என்று, முப்பது வருஷ காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் குடியேறியவை. இந்த மார்க்கத்தில் போகிறவனை ஒரு விசித்திரமான வியாதி பீடிக்கும். ஒரு சாதனத்தை மாற்றியவுடன் மற்றச் சாதனங்களெல்லாம் மட்டமாகத் தோன்றும்; அவற்றையும் மாற்றி முடிப்பதற்குள் முதலில் மாற்றியது பழசாகிவிடும். செம்மங்குடி பாடிக்கொண்டிருப்பார், இவன் வயரைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

பாட்டு வைப்பது என்பதும் எங்கள் வீட்டில் ஒரு சிறிய பூஜாக்கிரமம் போலவே நடந்துவந்தது. ப்ரீ ஆம்பை முதலில் போட்டு, சிறிது நேரம் சென்றபின் பவர் ஆம்ப்களைப் போட வேண்டும். அணைக்கும்போது பவர் ஆம்ப்களை முதலில் அணைக்க வேண்டும். முறை தவறினால் ஸ்பீக்கரிலிருந்து வெடிபோட்டதுபோல் ஒரு சப்தம் கிளம்பி வீட்டையே தூக்கிவாரிப் போடும். வால்வுகள் சூடேறிப் பதத்துக்கு வர அரைமணி நேரம் வேண்டும். அந்தச் சூடோ, சித்திரை வைகாசி மாதங்களில், அடுப்பங்கரையைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்ததற்குச் சமானம். இவ்வளவு செலவழித்து வாங்கிய நுட்பமெல்லாம் காதில் விழ வேண்டுமானால் மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். ஆகவே, துண்டினால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மத்தியமாவதியை அனுபவித்த நாட்கள் பல. அரைமணி நேரம் ஓய்வு கிடைக்கிறதே, ஒரு கீர்த்தனை கேட்கலாம் என்று நினைத்து, இத்தனை பிரயாசையையும் எண்ணிக் கேட்காமலே விட்ட நாட்கள் அதைவிடப் பல.

பிறகு வீட்டை விற்றோம். அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் இரண்டு படுக்கையறை கொண்ட ஜாகை வாய்த்தது. அதில் சங்கீதத்துக்கென்று எனக்குக் கிடைத்த அறை 11 அடிக்கு 10 அடி. "இந்த இரண்டு பீரோவும் உள்ளே வந்தால் நாம் இரண்டு பேரும் வெளியே நிற்க வேண்டியதுதான், தெரிகிறதா உங்களுக்கு?" என்றாள் என் மனைவி. தெரிந்தும் கொண்டுபோனேன். வைத்து, வயர்களை முடுக்கி, இளையராஜாவின் பழைய படப்பாட்டு ஒன்றை ஓடவிட்டேன். பேஸ் கிட்டார் ஏறி இறங்கி நடந்து செல்லும் நடையில் ஒரே ஒரு ஸ்வரம் மட்டும், ஊர்வலத்தில் மதம் பிடித்த யானைபோல், மற்ற எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு வெளியே வந்தது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. கீழ்வீட்டுக்காரர் மிகுந்த மரியாதையுடன் மேலே வந்து, வீட்டில் ஏதாவது விழுந்துவிட்டதா என்று விசாரித்தார்.

குற்றம் பெட்டியினுடையதன்று; அறையினுடையது. ஒலி என்பது காற்றில் ஓடும் அலை. தாழ்ந்த ஸ்வரத்தின் அலை நீளமானது. விநாடிக்கு 40 அதிர்வுகள் கொண்ட ஸ்வரத்தின் ஓர் அலை ஏறக்குறைய 28 அடி நீளம். எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கு இடையே ஓர் அலையின் சரிபாதி பொருந்தி உட்கார்ந்துவிட்டால், அந்த ஒரு ஸ்வரம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பித் தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். 11 அடி அறையில் அப்படிச் செல்லம் கொடுத்து வளர்க்கப்படுகிற ஸ்வரம் விநாடிக்கு 50 அதிர்வுகளுக்குச் சற்று மேலே இருக்கிறது. பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தியோ 41 அதிர்வு வரையில் இறங்கும். ஆகவே யானை அகப்பட்டுக்கொண்டது. பழைய கூடத்திலும் இத்தகைய ஸ்தானங்கள் இருந்திருக்கும்; ஆனால் இடம் பெரிதாகப் பெரிதாக அவை கீழே இறங்கி நெருக்கமாகப் பரவிவிடுவதால், ஒன்றுக்கு மட்டும் விசேஷச் சலுகை கிடைப்பதில்லை. முப்பது வருஷமாக என் ஸ்பீக்கரின் கம்பீரம் என்று நான் மெச்சிக்கொண்டிருந்ததில் கணிசமான பங்கு, என் பாட்டனார் கட்டிய கூடத்தின் கம்பீரம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆம்ப்ளிஃபயரின் வாட் விஷயத்திலும் இதே கதைதான். சக்தியை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் ஏறுகிறது. காதுக்கு அது ஒரு சிறிய வித்தியாசமே. இரண்டு மடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்ற வேண்டுமானால் சக்தியைப் பத்து மடங்காக்க வேண்டும். சாதாரண வீட்டு அறையில் நிதானமாகக் கேட்கிறவன் பெரும்பாலான நேரத்தில் உபயோகிப்பது ஒரு வாட்டுக்கும் குறைவு. நான் நூறு வாட்டை வைத்துக்கொண்டிருந்தது, ஒருபிடி அரிசி வடிக்கக் கல்யாண அண்டாவை ஏற்றினாற்போன்ற காரியம்.

சரி, சிறிய பெட்டிக்கு மாறுவதென்றால் எவ்வளவு சிறியது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் கடைசியில் வானொலிக்காரர்களிடம் வந்து நிற்கிறோம். பெரிய பெட்டியில்லாமல் ஆழ்ந்த ஒலி வராது என்றிருந்த நம்பிக்கையை 1954ல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் அசைத்தார். காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பீக்கர் கூம்புக்கு ஸ்பிரிங்காக உபயோகிக்கலாம் என்று செய்துகாட்டினார். அதே துறையில் உழைத்தவர் ஆண்டன் ஹாஃப்மன். பிரசித்தி பெற்ற பியானோ வித்வான் யோசெஃப் ஹாஃப்மனுடைய புதல்வர். சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, குறைந்த சக்தியில் உரத்த சப்தம் ஆகிய மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் கேள், மூன்றாவதைக் கேட்காதே என்பது இவர் பெயரால் வழங்கும் விதி. வரம் கொடுக்கும்போதே நிபந்தனையும் வைக்கும் நம் புராணத்துத் தேவர்களை நினைவூட்டும் விதி அது.

1970களில் பி.பி.சி. பொறியியலாளர்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. வெளியிடங்களிலிருந்து நிகழ்ச்சிகளை ஒலிபரப்பும் வண்டிக்குள் பெரிய ஸ்பீக்கருக்கு இடமில்லை; ஆனால் போய்க்கொண்டிருக்கும் ஒலி சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு உண்மை பேசும் பெட்டி ஒன்று வேண்டும். ஒலிப்பதிவுக் கூடங்களின் அமைப்பை ஆராய அவற்றின் அளவில் எட்டில் ஒரு பங்கான மாதிரிகளைக் கட்டிப் பார்த்து வந்தவர்கள் அவர்கள். அந்த ஆராய்ச்சிக்காக உருவான சிறிய ஸ்பீக்கரிலிருந்தே இதையும் வடித்தெடுத்தார்கள். எல்.எஸ். 3/5ஏ என்று ஒரு பீரங்கிக்கு வைப்பதுபோல் அதற்குப் பெயர். உயரம் 12 அங்குலம், அகலம் ஏழரை அங்குலம், ஆழம் ஆறேகால். மெல்லிய ஒட்டுப்பலகையில் செய்த மூடிய பெட்டி. உள்ளே ஐந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று, மேல் ஸ்வரங்களுக்காகச் சிறிய ட்வீட்டர் ஒன்று. மனிதன் பேசும் குரல் இயல்பாக ஒலிக்கிறதா என்பதே அந்தப் பொறியியலாளர்கள் மதித்த பெரிய பரீட்சை. குரலில் கரகரப்போ மூக்கடைப்போ சேர்ந்தால் எந்தச் சாமானியனுடைய செவியும் உடனே கண்டுபிடித்துவிடும் அல்லவா? ஐம்பது வருஷம் ஆகியும் அந்தப் பெட்டியை இன்னும் தேடி வாங்குகிறார்கள். நான் வாங்கியது அந்த வம்சத்தைச் சேர்ந்த ஒரு பழைய ஜோடி. அதை ஓட்டுவதற்கு, எல்லாவற்றையும் தன்னுள்ளே அடக்கிக்கொண்ட 30 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்று. அதற்கு ஒரே ஸ்விட்ச்.

ஆழம் குறைந்துவிடாதா என்று கேட்பீர்கள். குறைகிறது, ஆனால் குறைகிற அளவுக்குக் காது அதை உணர்வதில்லை. டெலிபோனில் 300 அதிர்வுகளுக்குக் கீழே உள்ளதெல்லாம் பழைய வழக்கப்படி வெட்டப்பட்டுவிடும். ஆனால் கட்டைக் குரல் படைத்த உங்கள் பெரியப்பா டெலிபோனில் பேசினால் அது கட்டைக் குரல் என்று தெரியாமல் போகிறதா? மேலே ஒலிக்கும் அநுஸ்வரங்களைக் கொண்டு, வராத ஆதார ஸ்வரத்தை நம் மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. உள்ளங்கையளவு ஸ்பீக்கர் வைத்த வானொலிப் பெட்டியில் நீங்கள் மிருதங்கத்தின் தொப்பியைக் கேட்டு ரசிப்பதும் இந்த உபகாரத்தினால்தான்.

இன்னொரு விஷயத்தை நான் கண்டுகொண்டபோது சற்று வெட்கமாகவே இருந்தது. நான் மிகுதியும் போடுவது எந்தத் தட்டுக்களை? டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி போன்ற, 78 சுழற்சித் தட்டுக்களாகப் பிறந்து பிற்காலத்தில் மறுபதிப்பானவை. 1963ல் பதிவான எம்.எஸ். அவர்களின் வேங்கடேச சுப்ரபாதம். பழைய கச்சேரி ஒலிப்பதிவுகள். 1925க்கு முந்திய, புனல் வைத்துப் பிடித்த தட்டுக்களில் 250 அதிர்வுகளுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மின்சார ஒலிப்பதிவு வந்தபிறகு கீழெல்லை சுமார் 100 வரையில் இறங்கிற்று. மார்பளவு உயரமுள்ள பெட்டிகளைக் கட்டிக்கொண்டு, தட்டில் இல்லாத ஆழத்தை நான் இத்தனை காலம் எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கிறேன்! நாகஸ்வரம் இறங்குகிற மட்டுக்கும், எம்.எஸ். குரல் இறங்குகிற மட்டுக்கும் அந்தச் சிறு பெட்டி தாராளமாகப் போதும். போதும் என்பதோடு நில்லாமல், பாட்டின் வார்த்தைகள் முன்னைவிடத் தெளிவாகக் காதில் விழுகின்றன.

நஷ்டமே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. தவில் என்று ஒன்று இருக்கிறது. ஆள் எதிரே உட்கார்ந்து அடித்தால் காதுக்கு முன்னால் வயிற்றில் விழுகிற அந்த அடி, பழைய கூடத்தில் ஓரளவு விழுந்தது; புதிய அறையில் விழுவதில்லை. தவிரவும், ஒலியைத் தாழ்த்தி வைக்க வைக்க, தாழ்ந்த ஸ்வரங்களை வாங்கும் சக்தி காதுக்கு விசேஷமாகக் குறைந்துபோகிறது என்பதை ஃப்ளெச்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே அளந்து சொன்னார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லௌட்னெஸ்' என்று ஒரு பொத்தான் இருந்ததற்குக் காரணம் அதுவே. அண்டை வீட்டாருக்கு அஞ்சி மெல்ல வைத்துக் கேட்கிறவனுக்கு இந்தப் பொத்தான் உண்மையான துணை. சுத்த ரசிகர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள் அதை ஏன் இகழ்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியதில்லை. நான் வாங்கிய ஆம்ப்ளிஃபயரில் அது இருக்கிறது. இரவு பத்து மணிக்குமேல் கூச்சமில்லாமல் அமுக்குகிறேன்.

பெரிய ஸ்பீக்கர்கள் ஒரு நாகஸ்வர ஆசிரியரின் வீட்டுக்குப் போயின. மாணவர்கள் உட்காரும் நீண்ட தாழ்வாரம் அவருக்கு இருக்கிறது. வால்வு ஆம்ப்களை ஓர் இளைஞர், குழந்தையைத் தூக்குவதுபோல் ஒவ்வொன்றாக மார்போடு அணைத்து எடுத்துப்போனார். அவருக்குச் சில எச்சரிக்கைகள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. தட்டுக்களில் பாதியைக் கொடுத்துவிட்டேன். எதைக் கொடுத்தேன் என்பது இப்போது நினைவில்லை என்பதால் சரியானவற்றையே கொடுத்திருக்கிறேன் போலும்.

மிச்சம், ஒரு கோணிப்பை நிறைய வயர்கள். பரண்மேல் இருக்கிறது. எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. நானும் போடத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன், எந்த வயர் எதற்கு வாங்கியது என்று ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.