குழந்தை யார் சொல்லை நம்பும்?



மெலிசா கோனிக், பால் ஹாரிஸ் முதலிய ஆய்வாளர்கள் 2004இல் ஓர் உண்மையைக் காட்டினர். தெரிந்த பொருள்களின் பெயரை ஒருவர் சரியாகச் சொன்னார். மற்றவர், பந்தைச் செருப்பு என்பதுபோல், தவறாகச் சொன்னார். பிறகு அறியாத பொருளைக் காட்டியபோது, நான்கு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் முதலாமவர் சொல்லையே ஏற்றனர்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் தாய்மார், "இதோ வந்துவிடுவேன்" என்று சொல்லி நழுவுவதுண்டு. நாமும் ஞானோபதேச வகுப்பில் மிட்டாய் தருவதாகச் சொல்லி மறந்ததுண்டு. பிள்ளை மறப்பதில்லை.

"பொழுது சாய்ந்துதான் வருவேன்" என்றால் அழும். ஆனால் சொன்னபடி வந்து நின்றால் நம்பும். கடவுளைப் பற்றி முதலில் சொல்வதும் அதே வாயல்லவா? ஆகவே பிள்ளைகளிடம் பொய் சொல்வதில்லை என்று தீர்மானிப்போமாக.