எட்டு விநாடியில் மரக்காணம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

2025 மார்ச் ஞாபகம் இருக்கா? ஒரே வாரத்துல பாதிப் பேரோட ப்ரொஃபைல் படம் கிப்லி கார்ட்டூனா மாறிச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2023-ல, ஸ்டார் வார்ஸை வெஸ் ஆண்டர்சன் எடுத்திருந்தா எப்படி இருக்கும்னு ஒரு ஏஐ டிரெய்லர் வந்து உலகம் முழுக்கச் சுத்திச்சு. இப்போ ஷார்ட் ஃபிலிம் எடுக்கற யார் வேணும்னாலும் டார்கோவ்ஸ்கி மாதிரி, பேலா டார் மாதிரி, நம்ம பி.எஸ். வினோத்ராஜ் மாதிரின்னு டைப் பண்ணி வீடியோ வாங்கலாம். இதனால நமக்கு என்ன கிடைக்குது, என்ன கிடைக்கலைன்னு இன்னைக்குப் பேசுவோம்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கலாம்: மரக்காணம் உப்பளம். ஈசிஆர்ல பாண்டிக்குப் போன எல்லாரும் அந்த வெள்ளைக் குவியல்களைப் பார்த்திருப்பீங்க. சென்னையிலேர்ந்து சுமார் 120 கிலோமீட்டர், விழுப்புரம் மாவட்டம். சமதரை, பெரிய வானம், தூரத்துல ஒரு ஆள். ஆர்ட் ஃபிலிம் ஆசை இருக்கறவங்களை வண்டியை ஓரம் கட்ட வைக்கற இடம்.

ஸ்டைல்னா என்ன?

"உப்பளம், டார்கோவ்ஸ்கி ஸ்டைல்"னு அடிச்சா பெரும்பாலும் என்ன வரும்? பனிமூட்டம், கண்ணாடி மாதிரி தண்ணி, தனியா நிக்கற ஒரு உருவம், மெதுவா நகர்ற கேமரா. அழகாத்தான் இருக்கும். ஆனா அது மரக்காணம் இல்ல. பொலிவியாவோட உயுனி, குஜராத்தோட கட்ச் ரண் மாதிரி உலகமே போட்டோ எடுத்துத் தள்ளின இடங்களோட சராசரி அது. மரக்காணத்துல மண் வரப்பு கட்டின பாத்திகள் இருக்கு. மிதிச்சு மிதிச்சு இறுக்கின களிமண் தரை இருக்கு. ஓலை போட்டோ தார்ப்பாய் போட்டோ மூடின குவியல் இருக்கு. நாம சொன்னாத்தான் கருவிக்கு அதெல்லாம் தெரியும்.

இடத்தைச் சரி பண்ணிடலாம். இன்னொன்னு அவ்வளவு சுலபமில்ல. பேலா டார் இயக்கின 'தி டூரின் ஹார்ஸ்' படம், 2011. மொத்தம் 146 நிமிஷம், ஷாட் வெறும் 30. அதாவது ஒரு ஷாட் சராசரியா கிட்டத்தட்ட அஞ்சு நிமிஷம். 2025-ல வந்த கூகுளோட வியோ 3 ஒரு தடவைக்குக் கொடுக்கறது எட்டு விநாடி. ஒட்டி ஒட்டி நீட்டலாம், நாளைக்கு நீளம் கூடவும் செய்யும். ஆனா அந்த அஞ்சு நிமிஷம் எதுக்குன்னு நாமதான் முடிவு பண்ணணும்.

வினோத்ராஜோட 'கூழாங்கல்' பாருங்க. 2021-ல ராட்டர்டாம்ல டைகர் விருது வாங்கின படம். அப்பாவும் பையனும் வெயில்ல நடக்கறாங்க. கடைசியில பெண்கள் குழியில ஊறுற தண்ணிக்காகக் காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமா மொண்டு குடத்தை நிரப்பறாங்க. அந்தத் தண்ணி ஊற எவ்வளவு நேரமாகுதோ, அதுக்கு ஏத்த மாதிரி நம்மளையும் காக்க வைக்குது படம். செம்மண் கலரையும் வைட் ஷாட்டையும் மட்டும் காப்பி அடிச்சா இது வராது.

உப்பும் அப்படித்தான். கடல் தண்ணியில லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பாத்தி பாத்தியா மாத்தி, வெயில்ல சுண்ட வெச்சு, படிகம் இறங்கற வரைக்கும் நாள் கணக்குல காத்திருக்கணும். வெயில் ஏறினா வெள்ளைத் தரை கண்ணைக் கூசும். அதனால விடியறதுக்கு முன்னாடியே வேலைக்கு இறங்கணும். வடகிழக்குப் பருவமழை வந்தா வேலையே கிடையாது. அந்த மாசங்களைச் சமாளிக்கத்தான் 2022-லேர்ந்து உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்குது. நவம்பர்ல வெறும் தண்ணியா, ஆளே இல்லாம கிடக்கற உப்பளம் யாருடைய ப்ராம்ப்ட்லயும் வர்றதில்ல. எனக்கு அதுதான் படம்.

அப்போ எப்படிப் பயன்படுத்தலாம்?

ஏஐ வேண்டாம்னு நான் சொல்லல. மூணு வேலை பண்ணிப் பாருங்க.

ஒண்ணு: பிடிச்ச டைரக்டரோட ஒரே ஒரு காட்சியை எடுத்து, நோட்டுல எழுதுங்க. கேமரா எந்த உயரத்துல இருக்கு? ஆள் எவ்வளவு தூரத்துல? எப்போ கட் ஆகுது? என்ன சத்தம் கேக்குது?

ரெண்டு: டைரக்டர் பேரை எடுத்துட்டு, அந்த முடிவுகளை மட்டும் ப்ராம்ப்ட்டா எழுதுங்க. "கேமரா இடுப்பு உயரம், நகரக் கூடாது. விடியற்காலை அஞ்சரை மணி. சேலைக்கு மேல முழுக்கை சட்டை போட்ட ஒரு அம்மா, நீளக் கம்பு வெச்ச பலகையால உப்பை வரப்புப் பக்கம் இழுக்கறாங்க. முகம் தெரிய வேண்டாம். இசை வேண்டாம்." வர்றது அசலைவிடச் சுமாரா இருந்தாலும் பரவாயில்ல, அது உங்க ஸ்டோரிபோர்ட்.

மூணு: அந்த ஸ்டோரிபோர்டை எடுத்துக்கிட்டு மரக்காணம் போங்க. வேலை செய்யறவங்ககிட்ட, "அண்ணே, அக்கா, கொஞ்சம் எடுத்துக்கலாமா?"ன்னு கேளுங்க. சரின்னா, போனை ஸ்டாண்டுல வெச்சு அஞ்சு நிமிஷம் கையே வைக்காதீங்க. நீங்க எழுதாத ஒண்ணு அதுல நடக்கும். அவங்க நிமிர்ந்து இடுப்பைப் பிடிப்பாங்க, யாரையாவது கூப்பிடுவாங்க, தண்ணி குடிப்பாங்க. எந்த இடத்துல கட் பண்றீங்களோ, அங்கதான் உங்க ஸ்டைல் ஆரம்பிக்குது.

கடைசியா ஒரு விஷயம். ஸ்டைலுக்குக் காப்புரிமை கிடையாது, சட்டம் தனித்தனிப் படைப்பைத்தான் பாதுகாக்குது. அதனால டார்கோவ்ஸ்கி மாதிரி பண்ணா யாரும் கேஸ் போட மாட்டாங்க. எனக்குக் கவலை வேற. ஏஐ உருவாக்கின ஒரு தொழிலாளி முகத்தைப் போட்டு, சோகமா ஒரு வயலின் சேர்த்து, "மரக்காணத்தின் கண்ணீர்"னு ரீல் விடறது. அந்த முகத்துக்குக் கூலி கிடையாது, மழைக்காலம் கிடையாது, "என்னை எடுக்காதே"ன்னு சொல்ற உரிமையும் கிடையாது. பாத்தியில நிக்கற அக்காவுக்கு இது மூணும் உண்டு. ஏஐ-னா ஏஐ-னு எழுதிப் போடுங்க. நிஜ ஊர் பேரைச் சொன்னா, அந்த ஊருக்கு ஒரு தடவையாவது போயிட்டு வந்து சொல்லுங்க.

உங்க அஞ்சு நிமிஷ ஷாட்டை எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதைப் பத்திப் பேசலாம்.