அடுத்த நிலையத்துப் பூசலாரும் திருவையாற்று நாகரத்தினம்மாளும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வேப்பம்பட்டில் மின்தொடர் வண்டி ஏறிச் சென்னை நோக்கிச் சென்றால் அடுத்த நிலையம் திருநின்றவூர். கையில் பொருளில்லாத பூசலார் அங்கே நெஞ்சுக்குள் கோயில் எடுத்தார். காஞ்சியில் கல்லால் கோயில் கட்டிய பல்லவ மன்னன் குடமுழுக்குக்குக் குறித்த நாளில், "நாம் அன்று நின்றவூர்க் கோயிலுக்குச் செல்கிறோம், உன் நாளைத் தள்ளிவை" என்று இறைவன் கனவில் சொன்னதாகச் சேக்கிழார் பாடினார். மன்னன் தேடி வந்து பூசலார் காலில் விழுந்தான். இதைத் தெரியாதவர் இந்த அவையில் இல்லை.

நான் இன்று பேச வந்திருப்பது இன்னொரு கோயிலைப் பற்றி. இதைக் கட்டியவரிடம் பொருள் இருந்தது. நிலம் வாங்கினார், கல்லால் கட்டினார், கட்டியும் முடித்தார். ஆனால் கட்டிய கோயிலின் முன் நின்று பாட அவரை விடவில்லை. அவர் பெயர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

தமிழ் மன்றத்தில், கன்னட நாட்டில் பிறந்து தெலுங்கு நூலைப் பதிப்பித்த ஓர் அம்மையாரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். சென்னை அவரை ஆளாக்கியது; காவிரிக் கரை அவரை உறங்க வைத்தது. அதற்குமேல் உறவு வேண்டுமா என்று எனக்குத் தோன்றவில்லை.

1878 நவம்பர் 3ஆம் நாள் நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாய் புட்டலட்சுமி தேவதாசி மரபினர். தந்தை வழக்கறிஞர், தாயையும் மகளையும் கைவிட்டார். மைசூர் அரண்மனைப் புலவர் கிரிபட்ட திம்மய்யா அடைக்கலம் தந்து சிறுமிக்கு வடமொழியும் இசையும் கற்பித்தார். பின்னர் அவரும் கைவிட்டார். அதன்பின் அந்தத் தாய் மகளைப் பெங்களூருக்கு அழைத்துச் சென்று முனுசாமப்பாவிடம் இசை பயில வைத்தார். முனுசாமப்பா வாலாஜாபேட்டை வழியில், தியாகராஜரின் சீடர் பரம்பரையில் வந்தவர். மகளுக்குப் பதினான்கு வயதானபோது தாய் இறந்தார்.  தாயும் போன பிறகு மிஞ்சியது பாட்டு.

பின்னர் சென்னைக்கு வந்து ஜார்ஜ் டவுனில் குடியேறினார். வீணை தனம்மாள் அங்கே அவருக்கு நெருங்கிய தோழி. வருமான வரி கட்டும் அளவுக்குப் பொருள் ஈட்டினார். அந்நாளில் ஒரு பெண் பாடகிக்கு இது சிறிய செய்தியன்று.

இலக்கிய மன்றம் என்பதால் ஒரு நூலைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல உத்தரவு வேண்டுகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டில், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் அவையில் இருந்தவர் முத்துப்பழனி என்னும் தேவதாசி. 'ராதிகா சாந்த்வனமு' என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றினார். கண்ணன் வேறொருத்தியை மணந்தபின் ஊடி நிற்கும் ராதையைத் தேற்றுவதே கதை. அதன் 1887ஆம் ஆண்டுப் பதிப்பு நாகரத்தினம்மாள் கைக்குக் கிடைத்தது. சுவடியைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டபோது, பல பாடல்கள் அச்சில் இல்லாதது தெரிந்தது. அவற்றில் முத்துப்பழனி தம் குலத்து மகளிரைப் பெயர் சொல்லிப் போற்றிய பகுதியும் ஒன்று! காமச் சுவையை நீக்கினார்கள் என்றால் காரணமாவது விளங்கும். பாட்டியின் பெயரில் என்ன ஆபாசம்? எழுதியவள் இன்னாள், இன்ன வழியில் வந்தவள் என்பது மறைய வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

விடுபட்டதையெல்லாம் சேர்த்து 1910இல் வாவிள்ள அச்சகத்தின் வழியே முழுப் பதிப்பைக் கொண்டுவந்தார். சமூகச் சீர்திருத்தத்தில் பெரும்பெயர் பெற்ற கந்துகூரி வீரேசலிங்கம் அந்நூலை ஆபாசம் என்றவர். பெண் எழுதத் தகாதவை என்பதும் அவர் வாதம். நாகரத்தினம்மாள் விடவில்லை. நாணம் பெண்ணுக்கு மட்டுமே உரியதா, ஆண் புலவர்கள் எழுதினால் அதே சிருங்காரம் எப்படிக் காவியமாகிறது என்று கேட்டார். அரசு 1911இல் நூலைத் தடை செய்தது. 1946-47இல் பிரகாசம் முதலமைச்சராக இருந்த காலத்தில்தான் அத்தடை நீங்கியது. முப்பத்தைந்து ஆண்டுகள்!

இனித் திருவையாறு. தியாகராஜர் 1847 சனவரி 6ஆம் நாள், துறவு பூண்ட நிலையில் மறைந்தார். துறவி என்பதால் காவிரிக் கரையில் சமாதி வைத்தார்கள். 1903-04இல் உமையாள்புரத்துச் சீடர்கள் இருவர் அதைச் சீர்செய்தும் மீண்டும் புதர் மண்டிப் போயிற்று. அந்த நிலையை எழுதி நாகரத்தினம்மாளுக்கு 1921இல் கடிதம் அனுப்பினார் மைசூர் வித்துவான் பிடாரம் கிருஷ்ணப்பா. கனவில் தியாகராஜரே தோன்றினார் என்றும் ஒரு கதை உண்டு. கனவோ கடிதமோ, அப்போது அம்மையாருக்கு வயது நாற்பத்திரண்டு. தாம் பிறப்பதற்கு முப்பத்தொரு ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்ட ஒருவர்மீது அந்த வயதில் பிறந்த அன்புக்கு என்ன பெயர் வைப்பது? பக்தி என்றால் போதாது. காதல் என்று சொல்ல நான் கூசவில்லை. ஆண்டாள் பிறந்த மொழியில்தானே பேசுகிறோம்.

நிலத்தை வாங்கினார். 1921 அக்டோபர் 27இல் அடிக்கல் நாட்டினார். நகைகளை விற்றார். 1925 சனவரி 7இல் திருக்கோயில் நிறைவுற்றுக் குடமுழுக்கு நடந்தது.

அந்நாளில் ஆராதனையைப் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரு பிரிவினர் தனித்தனியே நடத்திவந்தார்கள். இருவருக்கும் பல பூசல்கள்; ஒன்றில் மட்டும் ஒற்றுமை. பெண்கள் சமாதி முன் பாடக்கூடாது. அந்த மண்ணுக்கு விலை கொடுத்தவருக்கும் இதே விதி! அம்மையார் அழுது ஓயவில்லை. 1927இல் மகளிரைத் திரட்டிச் சமாதியின் பின்புறம் தனியே ஆராதனை நடத்தினார். பெண்கள் கட்சி என்று அதற்குப் பெயர் வந்தது. முன்னே ஆண்கள் பாட, பின்னே பெண்கள் பாட, நடுவில் தியாகராஜர் எந்தப் பக்கம் செவி சாய்த்தாரோ!

1940இல் கட்சிகள் ஒன்றாயின. எஸ்.ஒய். கிருஷ்ணசாமி என்னும் அதிகாரியும் முசிறி சுப்பிரமணிய ஐயர் போன்ற வித்துவான்களும் அதற்கு உழைத்தார்கள். பெண்களும் பாடலாம் என்பது அம்மையார் விட்டுக்கொடுக்காத நிபந்தனை. அடுத்த ஆண்டு முதல் பெண் குரல் முன்புறம் கேட்டது. அப்போது அவர் அறுபதைக் கடந்திருந்தார்.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்றபோது நாகரத்தினம்மாள் எதிரணியில் நின்றார். முத்துலட்சுமியின் தாயாரும் அதே மரபினர். ஒரு மகள் அந்த வீட்டின் துயரத்தைக் கண்டார்; மற்றொரு மகள் அங்கே கற்ற கல்வியும் கலையும் மகளிர்க்குரிய சொத்தும் பறிபோகுமே என்று அஞ்சினார். 1947இல் சட்டம் வந்தது. வந்தது நன்று என்றே கருதுகிறேன். ஆயினும் அவர் அச்சம் முழுதும் பொய்யாகவில்லை. அந்த மகளிர் வளர்த்த இசை மேடையேறியது, அவர்களில் பலருக்கு மேடை கிடைக்கவில்லை.

1949இல் தம் சொத்தை அறக்கட்டளையாக்கித் தியாகராஜர் பணிக்கே எழுதிவைத்தார். 1952 மே 19இல் காலமானார். அவர் வரலாற்றை வி. ஸ்ரீராம் 2007இல் ஆங்கிலத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். மன்ற நூலகத்துக்கு ஒரு படி வாங்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆராதனை முடிந்த மறுநாள் நான் திருவையாறு சென்றேன். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தியாகராஜர் சன்னிதியை நோக்கிக் கைகுவித்தபடி இருக்கிறது அம்மையாரின் சிலை. துடைப்பத்தோடு வந்த ஒரு மூதாட்டி, அதன்முன் உதிர்ந்து கிடந்த பூக்களை ஒதுக்கிவிட்டு, "இந்தம்மா யாருன்னு தெரியுமாய்யா?" என்று என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் பெருக்கத் தொடங்கினார்.